வாய்க்காலுக்கு நீரேற்றும் திட்டமா? எச்.பி.யைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள்!

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை வட்டாரத்தில் ஒரு பக்கம் விமானப்படை நிலையம், மறுபக்கம் நாளுக்கு நாள் நெருங்கி வரும் வீட்டுமனைகள். இவற்றுக்கு நடுவில் இன்னும் ஏர் பூட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு ஏரியில் தொடங்கி வாய்க்காலில் முடியும். ஏரிக்கு வரத்து குறைந்துவிட்டது, வாய்க்கால் தூர்ந்துவிட்டது, தாழ்வான இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அதை மோட்டார் வைத்து ஏற்றி வாய்க்காலில் விட்டால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடமே, 'பத்து எச்.பி. போதுமா, பதினைந்து வேண்டுமா?' என்ற விவாதம் கிளம்பிவிடும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், எச்.பி. கடைசியில் வர வேண்டிய விடை. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தண்ணீரை எத்தனை மீட்டர் ஏற்ற வேண்டும்? வருடத்தில் எத்தனை நாள் அங்கே தண்ணீர் இருக்கும்? மோட்டார் ஓடும் காலம் முழுக்கச் செலவை யார் கொடுப்பது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் தொடங்கிய திட்டம் ஊராட்சி அளவில் இருந்தாலும், ஆயிரம் கோடி ரூபாய் அளவில் இருந்தாலும், ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

இறக்கத்தில் வரும் தண்ணீர், ஏற்றி வரும் தண்ணீர்

இந்த வட்டாரத்து மக்களுக்கு இரண்டு வகையையும் பார்த்த பழக்கம் உண்டு. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்கு வரும் கிருஷ்ணா நீர், மொத்தம் 177 கிலோமீட்டர் கால்வாயில் நிலத்தின் சரிவை நம்பியே வருகிறது. அதில் 152 கிலோமீட்டர் ஆந்திராவில், மீதி 25 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கால்வாயைக் கட்டும்போது பெரிய செலவு. கட்டிய பிறகு தண்ணீரை நகர்த்த மின்சாரக் கட்டணம் கிடையாது. 2004-ல் சென்னைக்கு வந்த வீராணம் தண்ணீரின் கதை வேறு. கடலூர் மாவட்டத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வரும் அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்துத்தான் கிளப்ப வேண்டும். மோட்டார் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும்.

இரண்டுமே நகரத்தின் குடிநீருக்கானவை. குடிநீர் என்றால் கட்டணம் வசூலிக்கலாம், அரசு தாங்கலாம். வயலுக்குப் பாயும் தண்ணீரில் அந்த வசதி குறைவு. ஒரு மூட்டை நெல்லின் விலைக்குள் தண்ணீரின் செலவும் அடங்க வேண்டும். அதனால்தான் பாசனக் கால்வாய்க்கு நீரேற்றும் திட்டங்களை ஒப்பிடும்போது, கட்டும் செலவைவிட ஓட்டும் செலவைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ஒரு மீட்டருக்கு ஒரு லட்சம் யூனிட்

பெரிய திட்டங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். இதை ஒரு மீட்டர் உயரம் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால் சுமார் 77,000 யூனிட் மின்சாரம் தேவை. பம்பு, மோட்டார் இழப்புகளைச் சேர்த்து 75 சதவீதத் திறன் என்று வைத்தால், ஏறக்குறைய ஒரு லட்சம் யூனிட்.

ஆக, ஒரு டி.எம்.சி., ஒரு மீட்டர், ஒரு லட்சம் யூனிட். பத்து மீட்டர் என்றால் பத்து லட்சம். நூறு மீட்டர் என்றால் ஒரு கோடி. குழாய்க்குள் ஏற்படும் உராய்வு இதற்கு மேல் தனி. இயற்கை வைத்திருக்கும் இந்த விலையை எந்த ஒப்பந்ததாரரும் குறைத்துக் கொடுக்க முடியாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சில திட்டங்களைப் பார்க்கலாம்.

அத்திக்கடவு - அவிநாசி: மேலே எடுப்பதா, கீழே எடுப்பதா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிக்குப் பவானி ஆற்று நீர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. முதலில் பேசப்பட்டது மேட்டிலிருந்து எடுக்கும் யோசனை. பவானியின் மேல்பகுதியில், பில்லூர் பக்கத்தில் நீரைத் திருப்பி, சரிவிலேயே கொண்டுவருவது. அதில் மின்செலவு மிச்சம். ஆனால், வழியில் மலையும் காடும். அதைவிடப் பெரிய சிக்கல், கீழே காத்திருக்கும் பழைய பாசனங்கள். கீழ்பவானி, கொடிவேரி, 13-ம் நூற்றாண்டிலிருந்து ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் என எல்லாவற்றுக்கும் மேலே போய்த் தண்ணீரைத் திருப்பினால், 'எங்கள் பங்கு போய்விடும்' என்ற அச்சம் எழாமல் இருக்காது.

கடைசியில் நிறைவேறியது கீழே எடுக்கும் திட்டம். எல்லாப் பாசனங்களும் தங்கள் பங்கை எடுத்த பிறகு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரை ஏற்றுவது. ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.; விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள். ஆறு நீரேற்று நிலையங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய். 1,045 ஏரி, குளம், குட்டைகள். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. செலவு 1,916.41 கோடி ரூபாய். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர்.

இங்கே நடந்த பேரம் எளிமையானது. மேலே எடுத்தால் ஏற்றம் இல்லை, ஆனால் தகராறு உண்டு. கீழே எடுத்தால் தகராறு குறைவு, ஆனால் ஆறு இடத்தில் நின்று ஏற வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி, 1.5 டி.எம்.சி. ஒவ்வொரு நூறு மீட்டர் ஏறவும் ஒன்றரைக் கோடி யூனிட் ஆகும். உபரி நீரை நம்பியிருப்பதால், ஆற்றில் உபரி வராத ஆண்டில் மோட்டார்கள் சும்மா நிற்கும். நல்ல ஆண்டிலும்கூட 70 நாள் வேலை, 295 நாள் ஓய்வு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1.5 டி.எம்.சி.யை 24,468 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 43 சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு போக நெல்லுக்குச் சுமார் 120 சென்டிமீட்டர் வேண்டும். எனவே, இதை நெல்லுக்குப் பாய்ச்சும் கால்வாயாகப் பார்க்கக் கூடாது. குளம் நிறைந்து, நிலத்தடி நீர் ஏறி, கிணறு மூலம் குறைந்த தண்ணீர்ப் பயிருக்குப் போய்ச் சேரும் திட்டம் இது. அப்படிப் பார்த்தால்தான் அளவு பொருந்தும்.

சரபங்கா: எந்தக் கணக்கில் மலிவு?

சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணையின் உபரி நீரைத் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து ஏற்றி, எம்.காளிப்பட்டி ஏரி வழியாகச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோவது இன்னொரு திட்டம். ஒதுக்கீடு 0.555 டி.எம்.சி., திட்டமதிப்பு 565 கோடி ரூபாய், பாசன நிலம் 4,238 ஏக்கர். 2021-ல் முதல் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. விநாடிக்கு 214 கன அடி வீதம் 30 நாள் ஓடினால் இந்த 0.555 டி.எம்.சி. ஏறிவிடும். காவிரி உபரியில் கை வைப்பதாகச் சொல்லி டெல்டா விவசாயிகள் ஆட்சேபம் தெரிவித்ததும் நினைவிருக்கும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏக்கர் கணக்கு: அத்திக்கடவில் ஏக்கருக்குச் சுமார் 7.8 லட்சம் ரூபாய். சரபங்காவில் சுமார் 13.3 லட்சம் ரூபாய். அத்திக்கடவுதான் மலிவு.

தண்ணீர்க் கணக்கு: அத்திக்கடவில் ஒரு டி.எம்.சி.க்குச் சுமார் 1,280 கோடி ரூபாய். சரபங்காவில் சுமார் 1,020 கோடி ரூபாய். சரபங்காதான் மலிவு.

இரண்டு கணக்கும் சரியே. சரபங்காவில் ஏக்கருக்கு 92 சென்டிமீட்டர் தண்ணீர் போகிறது, அத்திக்கடவில் 43. தண்ணீரை மெல்லியதாகப் பரப்பினால் ஏக்கர் எண்ணிக்கை கூடும், ஏக்கருக்கான செலவு குறைவாகத் தெரியும். ஆகவே, யாராவது 'இந்தத் திட்டத்தில் இத்தனை ஏக்கர் பயன்பெறும்' என்று சொன்னால், 'ஏக்கருக்கு எத்தனை அங்குலம்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் ஊர் வாய்க்காலுக்கும் இதே கேள்விதான்.

கோதாவரி சொல்லும் இரண்டு பாடங்கள்

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கிறது பட்டிசீமா. அங்கே 24 பம்புகள். ஒவ்வொன்றும் விநாடிக்கு 354 கன அடி. மொத்தம் சுமார் 8,500 கன அடி நீரைப் போலவரம் வலது கால்வாயில் ஏற்றி, விஜயவாடா பக்கம் கிருஷ்ணாவில் சேர்க்கிறார்கள். போலவரம் அணை முடிந்துவிட்டால், அதே கால்வாய்க்கு இறக்கத்திலேயே தண்ணீர் வந்துவிடும். அணைக்காகக் காத்திருக்கும் காலத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. 2015-லேயே கோதாவரி நீர் கிருஷ்ணாவைத் தொட்டது. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய கிருஷ்ணா டெல்டா கால்வாய்களுக்கு முன்கூட்டியே தண்ணீர் கிடைத்தது. மின்செலவு அதிகம் என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஆனால், இந்தத் திட்டத்தில் ஒரு தெளிவு இருந்தது. வெள்ள நாட்களில் கடலுக்குப் போகும் நீர், ஏற்கெனவே வெட்டிய கால்வாய், எத்தனை காலத்துக்கு என்ற வரையறை. இடைக்கால ஏற்பாடு என்று சொல்லி மோட்டார் வைத்தால், இடைக்காலம் எப்போது முடியும் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் தெலங்கானாவின் காளேஸ்வரம். முதலில் பிராணஹிதா ஆற்றில் தும்மிடிஹட்டியில் தடுப்பணை கட்டி நீர் எடுக்கத் திட்டமிட்டார்கள். அங்கே நீர் மட்டம் 152 மீட்டர் வேண்டும் என்று தெலங்கானா கேட்டது. தங்கள் நிலம் மூழ்கும் என்று மகாராஷ்டிரா தயங்கியது. 148 மீட்டர் வரை பேச்சு வந்தது. அந்த இடத்தில் தேவையான அளவு தண்ணீர் கிடைக்குமா என்ற சந்தேகமும் கிளம்பியது. அதனால், எடுக்கும் இடம் கீழே கோதாவரியில் மேடிகட்டாவுக்கு மாறியது. அங்கே தண்ணீர் தாராளம். ஆனால், நீர் மட்டம் 100 மீட்டர். தொடங்கும் இடமே 48 மீட்டர் கீழே இறங்கியதால், ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் சுமார் 48 லட்சம் யூனிட் கூடுதல் வேலை. 2019 ஜூன் 21-ல் கோலாகலமாகத் திறந்தார்கள். 2023 அக்டோபரில் மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் அமிழ்ந்தன. அதன்பின் அங்கே நீரைத் தேக்கி ஏற்றுவது நின்றுபோனது. ஒன்றின் தலையில் ஒன்றாக நிற்கும் ஏற்றுத் திட்டத்தில், முதல் படி உடைந்தால் மேலே இருக்கும் மோட்டார்கள் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

அத்திக்கடவு, காளேஸ்வரம் இரண்டிலும் நடந்தது ஒன்றே. தண்ணீரைத் தேடிக் கீழே போனார்கள். கீழே போனதற்கு உயரத்தில் விலை கொடுத்தார்கள். மேட்டில் எடுத்தால் தண்ணீர் நிச்சயமில்லை, பள்ளத்தில் எடுத்தால் செலவு நிச்சயம். நீரேற்றுத் திட்டங்களை ஒப்பிடுவது என்றால், இந்த இரண்டில் எதை எந்த அளவுக்குத் தாங்க முடியும் என்று பார்ப்பதுதான்.

ஊர் அளவில் ஒரு கணக்கு

இனி ஓர் ஏரி வாய்க்கால் அளவுக்கு இறங்கி வரலாம். முத்தாபுதுப்பேட்டை போன்ற ஒரு ஊரில், 25 ஏக்கருக்குப் பாயும் வாய்க்காலில் விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 மணி நேரம், 60 நாள். மொத்தம் 600 மணி நேரம். இவை விளக்கத்துக்கான எண்கள். உங்கள் ஊர் அளவுகளைப் போட்டு இதே போலக் கணக்கிடலாம்.

முதலில் ஒரு சுலபமான வாய்ப்பாடு. விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு ஏக்கரில் ஏறக்குறைய ஒரு அங்குலம் நிற்கும். ஆக, 600 மணி நேரத்தில் 600 ஏக்கர் அங்குலம். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு கசிந்தால், வயலுக்கு வருவது 400. ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் என்றால், 25 ஏக்கருக்கு 8 தண்ணீர் கட்டலாம்.

இதற்கு இரண்டு யோசனைகள் வருகின்றன.

யோசனை 1: பக்கத்திலேயே, 300 மீட்டர் தூரத்தில் ஒரு பழைய குவாரிக் குட்டை. ஆனால், நீர் மட்டம் வாய்க்காலைவிட 20 மீட்டர் கீழே.

யோசனை 2: இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆற்றின் தடுப்பணை. நீர் மட்டம் வாய்க்காலைவிட 6 மீட்டர்தான் கீழே.

கூட்டத்தில் பெரும்பாலும் முதல் யோசனைதான் ஜெயிக்கும். குழாய் குறைவு, பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவதை யாராவது ஆதரித்தால், செலவைக் குறைக்க ஆறு அங்குலக் குழாய் போடலாம் என்பார்கள். இங்கேதான் குழாயின் உராய்வைப் பார்க்க வேண்டும். விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு கிலோமீட்டர் ஓடினால், சுமார் 16 மீட்டர் ஏற்றத்துக்குச் சமமான பலம் உராய்விலேயே போகும். எட்டு அங்குலக் குழாயில் அதுவே சுமார் 4 மீட்டர்தான். இரண்டு அங்குல வித்தியாசத்தில் உராய்வு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

இப்போது மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். பம்பு, மோட்டார் இரண்டும் சேர்ந்து 60 சதவீதத் திறன் என்று எடுத்துக்கொண்டால்:

குட்டையிலிருந்து, எட்டு அங்குலக் குழாய்: மொத்த ஏற்றம் 21 மீட்டர். தேவை சுமார் 13 எச்.பி. 600 மணி நேரத்துக்கு 5,800 யூனிட்.

தடுப்பணையிலிருந்து, ஆறு அங்குலக் குழாய்: மொத்த ஏற்றம் 38 மீட்டர். தேவை சுமார் 24 எச்.பி. 10,500 யூனிட்.

தடுப்பணையிலிருந்து, எட்டு அங்குலக் குழாய்: மொத்த ஏற்றம் 14 மீட்டர். தேவை சுமார் 9 எச்.பி. 3,900 யூனிட்.

தூரத்தில் இருக்கும் தண்ணீரே மலிவாகவும் வரலாம், மிக அதிக விலையிலும் வரலாம். எது என்பதைக் குழாயின் வாய் அளவு தீர்மானிக்கிறது. குழாயில் மிச்சம் பிடித்த பணத்தை மின்சாரத்தில் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் இலவசம்தானே என்று கேட்கலாம். யூனிட்டுக்குப் பணம் கட்டாவிட்டாலும், 24 எச்.பி.க்கு மின் இணைப்பு வாங்குவது, அதற்கேற்ற ஸ்டார்ட்டர், கேபிள், காயில் கட்டும் செலவு எல்லாம் விவசாயியின் தலையில்தான். மும்முனை மின்சாரம் குறைந்த மணி நேரமே வரும் நாளில், பெரிய மோட்டார்தான் முதலில் தடுமாறும்.

நாள் கணக்கை மறக்காதீர்கள்

மீட்டர் கணக்கு முடிந்தது. அடுத்தது நாள் கணக்கு. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆறுகளில் தண்ணீர் புரள்வது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த நாட்களில் வயலிலும் தண்ணீர் நிற்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் தேவைப்படும் பிப்ரவரி, மார்ச்சில் தடுப்பணை வற்றியிருக்கலாம். குவாரிக் குட்டையிலோ அப்போதும் நீர் நிற்கும். ஆகவே, 14 மீட்டர் திட்டம் மலிவாக இருந்தும், தண்ணீர் 20 நாள்தான் நிற்கும் என்றால், 21 மீட்டர் திட்டமே பயிரைக் காப்பாற்றும்.

இதற்கு மூன்றாவது வழியும் உண்டு. வெள்ளம் ஓடும் 15 நாளில் பெரிய மோட்டார் வைத்து ஏரியை நிரப்பிவிட்டு, பிறகு மதகு வழியாக வாய்க்காலுக்கு விடுவது. அத்திக்கடவிலும் சரபங்காவிலும் செய்வது இதுதான். ஏற்றும் தண்ணீரின் அளவும் உயரமும் அதேதான் என்பதால், குழாயையும் அதற்கேற்பப் பெரிதாக்கினால் மின்சாரத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால், 60 நாள் வேலையை 15 நாளில் முடிக்க நான்கு மடங்கு பெரிய ஏற்பாடு வேண்டும். அது ஆண்டில் 350 நாள் சும்மா நிற்கும். ஏரியில் ஆவியாதலும் கசிவும் உண்டு. ஆனால், அந்தக் கசிவு பக்கத்துக் கிணறுகளில் ஊறும். ஏரிக்கு நல்ல கொள்ளளவும், கரையும், மதகும் இருந்தால் மட்டுமே இந்த வழி. தூர்ந்த ஏரிக்குள் தண்ணீரை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் இறைப்பது போலத்தான்.

எந்த யோசனையையும் முடிவு செய்யும் முன், ஒரு வருடம் மாதத்துக்கு இரண்டு முறை அந்த இடத்தின் நீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஒரு கம்பமும், ஒரு நோட்டும் போதும். லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் இதைவிட மலிவான ஆய்வு கிடைக்காது.

யார் கொடுப்பது?

மூன்றாவது கேள்வி, செலவுப் பங்கீடு. ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்தால், தலைமடைக்காரர் முழுத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கும் அதே தொகையை, பாதித் தண்ணீர் வாங்கும் கடைமடைக்காரரும் கொடுக்க வேண்டிவரும். இரண்டு பருவத்தில் கடைமடை விலகிக்கொள்ளும். மீதிப் பேர் மேல் சுமை கூடும். மோட்டார் நிற்கும். அதனால், வயல் வாயில் தண்ணீர் வந்து சேர்ந்த மணி நேரத்துக்கு வசூலிப்பது நியாயம். அதோடு ஒவ்வொரு பருவமும் பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். காயில் எரிந்த பிறகு கூட்டம் போட்டு வசூலிக்கத் தொடங்கினால், பணம் சேர்வதற்குள் பயிர் காய்ந்துவிடும்.

வாசகர் கேள்வி

? ஆற்றுத் தண்ணீரைச் சோலார் மோட்டார் வைத்து வாய்க்காலுக்கு ஏற்றலாமா?

மழைக்காலத்தில்தான் ஆற்றில் தண்ணீர் இருக்கும். அந்த நாட்களில்தான் வெயிலும் மங்கும். வெள்ள நீரை ஏற்றச் சோலாரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். குட்டையில் நிற்கும் நீரை ஜனவரிக்கு மேல் ஏற்றுவதற்குச் சோலார் பொருத்தமானது. வேளாண் பொறியியல் துறை சூரியசக்தி பம்புசெட்டுகளுக்கு 60 சதவீதம் மானியம் கொடுத்து வருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. இப்போதைய விவரத்தை உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

? ஒரே பெரிய மோட்டாரா, இரண்டு சின்ன மோட்டாரா?

இரண்டாக வைத்தால் ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். நீர் வரத்து குறையும்போது ஒன்றை மட்டும் ஓட்டலாம். ஆனால், இரண்டையும் ஒரே சின்னக் குழாயில் சேர்த்தால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகாது. உராய்வு கூடி, மின்சாரம்தான் வீணாகும். பொதுக் குழாயின் அளவை இரண்டும் ஓடும் நிலைக்குக் கணக்கிட வேண்டும்.

? மோட்டாரைப் பெரிதாக்குவதா, வாய்க்காலைச் சரிசெய்வதா?

வாய்க்கால்தான் முதலில். மேலே சொன்ன உதாரணத்தில், கசிவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால், வயலுக்கு வரும் நீர் 400-லிருந்து 500 ஏக்கர் அங்குலமாகும். ஒரு யூனிட்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் கால் பங்கு அதிகத் தண்ணீர். கசியும் இடங்களில் மட்டும் பூச்சு, மற்ற இடத்தில் தூர்வாருதல், கரை கட்டுதல் போதும்.

? பக்கத்தில் ஓடும் குடிநீர்க் கால்வாயில் மோட்டார் போடலாமா?

கூடாது. கிருஷ்ணா நீர் உட்பட நகரக் குடிநீருக்கான கால்வாய்களில் மோட்டார் வைத்து எடுப்பது தண்ணீர்த் திருட்டு. மோட்டார் பறிமுதலாகும், வழக்கும் வரும். ஆறு, ஏரி, தடுப்பணை எதுவானாலும் நீர்வளத் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே குழாய் பதிக்க வேண்டும். குழுவாக வைக்கும் மோட்டாருக்கு எந்தக் கட்டண வகையில் இணைப்பு கிடைக்கும் என்பதையும் மின்வாரியத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

? மட்ட அளவு எடுக்க யாரை அணுகுவது?

வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயர்களும் இருக்கிறார்கள். நீர் எடுக்கும் இடத்தில் கோடைகால நீர் மட்டம், வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் விழும் மட்டம், இடையில் குழாய் போகும் வழியின் தூரம் ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். மழைக்கால மட்டத்தை வைத்து மோட்டார் வாங்கியவர்கள், கோடையில் ஃபுட் வால்வு வெளியே தெரியும்போதுதான் தவறை உணர்கிறார்கள்.

அடுத்த முறை ஊர்க்கூட்டத்தில் வாய்க்காலுக்கு மோட்டார் என்ற பேச்சு வந்தால், ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். கோடை மட்டத்திலிருந்து ஏற்ற வேண்டிய மீட்டர். குழாயின் தூரமும் அளவும். தண்ணீர் நிற்கும் நாட்கள். ஏக்கருக்கு எத்தனை அங்குலம், அதற்கு எவ்வளவு செலவு. ஒவ்வொரு யோசனைக்கும் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது தாங்கும், எது தாங்காது என்று கூட்டத்திலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு எச்.பி.யைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.